கிழிவதும் பொத்துவதும்: மூளைக்கலங்கள் பற்றி வாசகர் கேட்டவை

சென்ற இதழில் மறதி நோயைப் பற்றி எழுதும்போது, மூளைக்கலங்களின் டி.என்.ஏ. எப்படிச் சேதமடைகிறது என்று ஆய்வுகூடங்களில் ஆராய்கிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. அதனால் சலரோகம், கொலஸ்ரரோல் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு சொல்: நான் வைத்தியர் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரி ஆய்வுகூடங்களில் முப்பத்தொரு வருடம் இரத்தமும் சளியும் நுணுக்குக்காட்டியில் பார்த்து ஓய்வு பெற்றவள். பிறந்ததும் இப்போது இருப்பதும் திருகோணமலைத் திருக்கடலூரில்.

அக்கா, அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. ஒரு வருடமாக மறதி. அடுப்பில் பால் வைத்ததை மறக்கிறா. ஒருநாள் வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் டொக்யார்ட் வீதியில் நின்றிருக்கிறா. போன வாரம் ஒருவர் வீட்டுக்கு வந்து, மூளைக்கலத்தின் டி.என்.ஏ.யைத் திருத்தும் என்று ஒரு போத்தல் மருந்து காட்டினார். 'மனித மூளைக்கலங்களில் பரிசோதித்து நிரூபிக்கப்பட்டது' என்று தாளிலும் அச்சடித்திருக்கிறது. ஒரு போத்தல் 14,500 ரூபாய். ஆறு போத்தல் எடுக்க வேண்டுமாம். வாங்கலாமா? (வாசகி, உப்புவெளி)

வாங்காதீர்கள், தங்கச்சி. அந்த எண்பத்தேழாயிரம் ரூபாயை அப்படியே வைத்திருங்கள். செலவுக்கு வேறு வழி சொல்கிறேன்.

தாளில் இருக்கிற வசனம் முழுப் பொய்யாக இருக்க வேண்டும் என்றில்லை. ஆட்கள் ஏமாறுவதும் அதனால்தான். அந்தப் பரிசோதனை எப்படி நடக்கும் என்று தெரிந்தால் நீங்களே முடிவெடுத்துவிடுவீர்கள். மனித நரம்புக்கலங்களை உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டில், சீனியும் உப்பும் அமினோ அமிலங்களும் கலந்த இளஞ்சிவப்பு நீரில், 37 பாகைச் சூட்டில் வளர்ப்பார்கள். நம் உடம்பின் சூடு அது. கன்னியாக் கிணறுகளில் சூடு குறைந்ததில் கை வைத்தால் இருக்கிற இதம். அதில் ஒரு தட்டுக்கு ஐதரசன் பேரொட்சைட்டு விடுவார்கள். புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதே சாமான்தான், மிகவும் ஐதாக்கியது. அது டி.என்.ஏ. இழையை அறுக்கும். இன்னொரு தட்டுக்கு மருந்தை முதலில் விட்டு, பிறகு பேரொட்சைட்டை விடுவார்கள். எந்தத் தட்டில் அறுந்தது குறைவு என்று பார்ப்பார்கள்.

அந்தப் பார்வையை நான் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பயிற்சிக்காகப் பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றுக்குப் போயிருந்தோம். அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு பிள்ளை, கலங்களை இளஞ்சூடான அகரோசில் கலந்து கண்ணாடித் தட்டில் மெல்லிய படையாகப் பரப்பினா. அகரோசு கடலில் விளையும் பாசியிலிருந்து எடுப்பது. நோன்புக் காலத்தில் கிண்ணியாச் சிநேகிதிகள் வீட்டில் கடற்பாசி வெட்டித் தருவார்களே, அதற்கு நெருங்கிய சொந்தம். உறைந்ததும் அந்தக் கண்ணாடியை உப்பும் சவர்க்காரம் மாதிரியான திரவமும் கலந்த கரைசலில் போட்டா. கலத்தின் மென்சவ்வு, புரதம் எல்லாம் கரைந்து, டி.என்.ஏ. மட்டும் சுருண்டு கிடக்கும். அப்புறம் காரக் கரைசலில் வைத்து மின்சாரம் விட்டா. டி.என்.ஏ.க்கு மறையேற்றம் என்பதால் நேர்முனை அதை இழுக்கும். அறாமல் இருப்பது அசையாது. அறுந்த துண்டுகள் இழுபட்டுப் போகும். சாயம் போட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு, "வாங்கோ மிஸ், பாருங்கோ" என்றா.

கறுப்புப் பின்னணியில் பச்சை நிலவுகள். வட்டமாக, ஓரம் கலையாமல். அடுத்த கண்ணாடியில் ஒவ்வொரு நிலவுக்கும் பின்னால் ஒரு வால், எல்லாம் ஒரே திசையில். அதனால்தான் இதற்கு வால்வெள்ளிச் சோதனை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1984 இல் சுவீடனில் ஓஸ்ட்லிங், யொஹான்சன் என்ற இருவர் தொடங்கிய முறை. 1988 இல் நரேந்திர சிங்கும் கூட இருந்தவர்களும் அதைக் காரக் கரைசலுக்கு மாற்றினார்கள். மலேரியாக் கிருமியும் கசக் கிருமியும் தேடியே பழகிய கண் எனக்கு. ஒரு தனிக் கலத்துக்குப் பட்ட காயத்தை, அதுவும் அளவுகோல் வைத்து அளக்கக்கூடிய காயத்தை, அன்றுதான் பார்த்தேன். கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

சரி, அந்த மருந்து விட்ட தட்டில் வால் குட்டையாக வந்தது என்றே வைத்துக்கொள்வோம். தட்டில் மருந்தைக் கலத்தின் மேலேயே ஊற்றுகிறார்கள். அம்மா விழுங்கினால் குடல் எவ்வளவை உறிஞ்சும், ஈரல் எவ்வளவை உடைத்துத் தள்ளும், மிச்சம் இரத்தத்தில் ஓடினாலும் மூளையின் குழாய்ச் சுவர் அதை உள்ளே விடுமா என்று எத்தனை வாசல் தாண்ட வேண்டியிருக்கிறது! மஞ்சளில் உள்ள குர்க்குமினைப் பாருங்கள். தட்டிலே பிரமாதமாக வேலை செய்யும். வாயால் கொடுத்தால் இரத்தத்தில் சேர்வது சொற்பம். அல்சைமர் என்ற மறதி நோய் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது மறதி குறையவில்லை. தட்டில் கிடைத்த முடிவு ஆராய்ச்சியின் முதல் படி. அதைப் போத்தலில் அடைத்து வீட்டு வாசலில் விற்பது பாவம்.

இப்போது செய்ய வேண்டியது: அம்மாவை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போய், விற்றமின் பி12, தைரொயிட், சீனி, சோடியம் ஆகியவற்றுக்கு இரத்தம் பார்க்கலாமா என்று கேளுங்கள். இவற்றில் கோளாறு இருந்தால் மறதி நோய் போலவே காட்டும், திருத்தவும் முடியும். நித்திரைக் குளிசையோ அலர்ஜிக் குளிசையோ நெடுக எடுக்கிறாவா என்று பாருங்கள், அவையும் புத்தியை மந்தமாக்கும். மனச்சோர்வும் மறதியாக வெளிப்படும். காதைக் கட்டாயம் சோதியுங்கள். 2024 இல் லான்செற் என்ற மருத்துவ இதழின் ஆணைக்குழு மறதி நோய்க்கு மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. எல்லாவற்றையும் சரிசெய்தால் உலகில் 45 வீதமான மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. காது கேளாமையும் உயர் இரத்த அழுத்தமும் அதில் இருக்கின்றன.

காதைப் பற்றி அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. என் அப்பாவுக்குக் கடைசி நாலு வருடம் என் பெயர் தெரியாது. ஆனால் ஊசியும் நைலோன் நூலும் கையில் கொடுத்தால் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே இருப்பார். வலையின் ஒரு கண்கூடப் பெரிதாகவோ சிறிதாகவோ வராது. அந்த நாளில் எங்கள் வீட்டுக்கும் ஒருவர் போத்தலோடு வந்தார். நான் வாங்கினேன், தங்கச்சி. ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள், மனம் கேட்காமல் வாங்கி ஆறு மாதம் கொடுத்தேன். அப்பாவுக்கு இரண்டு காதும் மந்தம் என்று நாங்கள் கவனித்தது அதற்குப் பிறகு. அந்தக் காசுக்கு ஒரு காது கேட்கும் கருவி வாங்கியிருந்தால், பேரப்பிள்ளைகள் சொல்வதாவது அவருக்குக் கேட்டிருக்கும்.

அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரி. மனித மூளைக்கலம் என்று எழுதுகிறீர்கள். அதை யாரிடமிருந்து எடுக்கிறார்கள்? உயிரோடு இருப்பவரிடமா, இறந்தவரின் மையத்திலிருந்தா? அவர்களிடம் சம்மதம் கேட்கிறார்களா? (ஓய்வுபெற்ற அதிபர், கிண்ணியா)

வஅலைக்குமுஸ்ஸலாம், சேர். நீங்கள் கேட்டது மிகவும் தேவையான கேள்வி.

நாலு வழி இருக்கிறது. இறந்த பிறகு மூளையைக் கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்களிடமிருந்து வருவது ஒன்று. அதற்கென்றே மூளை வங்கிகள் பல நாடுகளில் இருக்கின்றன. வலிப்பு நோய்க்குச் சத்திரசிகிச்சை செய்து அகற்றும் சிறு துண்டை, நோயாளியின் சம்மதத்தோடு எடுப்பது இரண்டாவது.

மூன்றாவது, அழியாமல் பெருகிக்கொண்டே இருக்கும் கலவரிசைகள். உலகத்தில் மிக அதிகமாகப் பயன்படுவதில் ஒன்றின் பெயர் எஸ்.எச்.-எஸ்.வை.5வை. அதன் மூலம் நியூயோர்க்கில் 1970 ஆம் ஆண்டளவில் நாலு வயதுச் சிறுமி ஒருத்தியின் எலும்பு மச்சையிலிருந்து எடுத்த புற்றுநோய்க் கலங்கள். நரம்புக் கலமாக வளர வேண்டியது புற்றாக மாறிய நோய் அவளுக்கு. அரை நூற்றாண்டு கடந்தும் அந்தக் கலங்கள் ஆயிரக்கணக்கான ஆய்வுகூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தட்டில் வைத்திருப்பவர்களுக்கு அவள் பெயர் தெரியாது. ஹென்றியெற்றா லக்ஸ் என்ற கறுப்பினத் தாயின் பெயராவது இன்று தெரியும். 1951 இல் பால்ற்றிமோரில் அவருடைய கருப்பைக் கழுத்துப் புற்றிலிருந்து, அவரைக் கேட்காமலே எடுத்த கலங்கள்தான் ஹீலா. குடும்பத்துக்கு விஷயம் தெரிய இருபது வருடத்துக்கு மேல் ஆனது. நீங்கள் கேட்ட சம்மதம் என்ற கேள்வி இந்த இரண்டு பேரிடமும் கடன்பட்டு நிற்கிறது, சேர். நானும் ஆயிரக்கணக்கானோரின் கையில் ஊசி குத்தியிருக்கிறேன். எதற்கு எடுக்கிறேன் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேனா என்றால், இல்லை. வரிசை நீளம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். சொல்லியிருக்க வேண்டும்.

நாலாவது வழிதான் இன்று பெருகி வருகிறது. கியோட்டோவில் ஷின்யா யமனாக்கா 2006 இல் எலியின் கலத்திலும் 2007 இல் மனிதத் தோல் கலத்திலும் நாலு பரம்பரையலகுகளை (ஜீன்களை) உட்செலுத்தி, அதைக் கருவில் இருந்தது போன்ற நிலைக்குத் திருப்பிக் காட்டினார். 2012 இல் நோபல் பரிசு. அப்படித் திருப்பிய கலத்தை நரம்புக்கலமாக வளர்க்கலாம். கொஞ்சம் தோலோ இரத்தமோ கொடுத்தால் போதும், மண்டையைத் திறக்கத் தேவையில்லை, கருவையும் அழிக்கத் தேவையில்லை. 2013 இல் வியன்னாவில் மடலின் லங்காஸ்டரும் யூர்கன் நோப்லிக்கும் இதே மாதிரிக் கலங்களிலிருந்து பயறு அளவு மூளைத் திசு உருண்டைகளை வளர்த்துக் காட்டினார்கள். அது ஒரு முழு மூளை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்குள் இரத்தக் குழாய் இல்லை, கண்டு கேட்டு அறிய ஒரு வழியும் இல்லை.

மிஸ், நான் உயர்தரம் உயிரியல் படிக்கிறேன். படிக்கும்போதே மூளைக்கலத்தின் டி.என்.ஏ. அறுகிறது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா? அப்படியென்றால் நான் இரவு இரண்டு மணிவரை படிப்பது கெடுதலா? (மாணவி, மூதூர்)

உண்மைதான் மகள், ஆனால் பயப்படாமல் முழுவதையும் வாசியுங்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இது.

2013 இல் கலிபோர்னியாவில் கிளாட்ஸ்டன் நிறுவனத்தில் எலிகளைப் பழக்கமில்லாத பெரிய கூட்டில் இரண்டு மணித்தியாலம் விட்டார்கள். புதிய பொருள், புதிய மணம். எலி மோப்பம் பிடித்து ஓடித் திரிந்தது. பிறகு பார்த்தால் அதன் நரம்புக்கலங்களில் டி.என்.ஏ.யின் இரண்டு இழையும் சேர்ந்து அறுந்த இடங்கள் கூடியிருந்தன. இரட்டை அறுப்பைக் கண்டுபிடிக்க ஒரு தந்திரம் உண்டு. அறுந்த இடத்தில் எச்2ஏ.எக்ஸ். என்ற புரதத்தில் ஒரு பொசுபேற்று ஒட்டிக்கொள்ளும். 1998 இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தது. அதில் போய் ஒட்டும் ஒளிரும் சாயத்தைப் போட்டால், கலத்தின் கருவுக்குள் புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகள் ஒரு நாளைக்குள் மறைந்துவிட்டன. எலி சுகமாக இருந்தது. ஆனால் அல்சைமர் போன்ற நோய் வரும்படி செய்த எலிகளில் முதலிலேயே புள்ளிகள் அதிகம், மறையவும் தாமதம்.

ஏன் அறுகிறது? 2015 இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் லீ-ஹுவேய் சாய் குழுவினர் ஒரு விடை சொன்னார்கள். நரம்புக்கலம் தூண்டப்பட்டதும் சில பரம்பரையலகுகள் உடனே வேலை தொடங்க வேண்டும். முறுகிக் கிடக்கும் டி.என்.ஏ. அதற்குத் தடை. தொப்போஐசோமரேசு என்ற நொதியம் அந்த இடத்தில் தானே இழையை வெட்டித் தடையை நீக்குகிறது. விபத்தில் அறுந்தது என்று எண்ணிக்கொண்டிருந்ததில் ஒரு பங்கு கலம் தன் தேவைக்காகத் தானே வெட்டியது! இதை முதன்முதலில் வாசித்த அன்று இரவு நான் சாப்பிடவே மறந்துபோனேன்.

இனிமேல் உங்கள் பாடத்துக்கு வருவோம். பிரியும் கலத்தில் டி.என்.ஏ. இரட்டித்த பிறகு பக்கத்தில் ஒரு பிரதி இருக்கும். அறுந்த இடத்தை அதைப் பார்த்துப் பிழையில்லாமல் எழுதலாம். நரம்புக்கலம் பிரிவதில்லை, பிரதியும் இல்லை. ஆகவே அறுந்த இரண்டு முனையையும் பிடித்துச் சேர்த்து ஒட்டுகிறது. ஒட்டும்போது டி.என்.ஏ.யின் ஓரிரு எழுத்து, அதாவது இழையில் கோத்திருக்கும் சிறு அலகு, விடுபடலாம். பிரியும் கலம் பழுதானால் புதியது வரும். ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக்கலங்களில் மிகப் பெரும்பாலானவை உங்களோடு பிறந்தவை, உங்களோடு முதுமை அடைபவை. உடல் நிறையில் இரண்டு வீதமே உள்ள மூளை, ஒட்சிசனில் ஐந்தில் ஒரு பங்கை எரிக்கிறது. அந்த எரிப்பின் பொறிகளும் டி.என்.ஏ.யைச் சுடும். ஒரு கலத்தில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் சிறு சேதங்கள். கரைக்கு இழுத்துவந்து நிழலில் இருந்து வலை பொத்துவதை நீங்கள் மூதூரிலும் பார்த்திருப்பீர்கள். நரம்புக்கலம் கடலில் போட்ட வலையைத் தூக்காமலே, மீன் பட்டுக்கொண்டிருக்கும்போதே பொத்துகிறது.

அந்தப் பொத்தும் வேலை எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்ததற்காக லின்டால், மொட்ரிச், சன்சார் ஆகிய மூவருக்கும் 2015 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பொத்த முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதைச் சில அரிய பிறவி நோய்கள் காட்டுகின்றன. ஏ.ரி.எம். என்ற பரம்பரையலகு பழுதான பிள்ளைகள் நடக்கத் தொடங்கும்போதே தள்ளாடுவார்கள். அவர்களுடைய மூளியில், அதாவது நடையைச் சீராக்கும் பின்மூளைப் பகுதியில், கலங்கள் மெல்ல மெல்ல அழியும். அந்தப் பரம்பரையலகை 1995 இல் அடையாளம் கண்டார்கள். 2021 இல் அமெரிக்காவின் சோல்க் ஆராய்ச்சி நிறுவனத்தில் தட்டில் வளர்த்த மனித நரம்புக்கலங்களை ஆராய்ந்தபோது, பொத்தும் வேலை எல்லா இடத்திலும் ஒரேமாதிரி நடக்காமல், சில இடங்களில் திரும்பத் திரும்பக் குவிவதைக் கண்டார்கள். நரம்புக்கலத்துக்கு முக்கியமான பரம்பரையலகுகளின் அருகில் அவை இருந்தன. 2022 இல் போஸ்டன் குழு ஒன்று அல்சைமர் நோயாளிகளின் தனித்தனி நரம்புக்கலங்களின் டி.என்.ஏ. எழுத்துகளை வாசித்தது. அதே வயதுள்ள நோயற்றவர்களின் கலங்களைவிட அவற்றில் எழுத்து மாற்றங்கள் அதிகம்.

இரண்டு மணிவரை படிப்பது: 2019 இல் இஸ்ரேலில் உடல் ஊடாகப் பார்க்கக்கூடிய குட்டி வரிக்குதிரை மீன்களில், விழித்திருக்கும்போது நரம்புக்கலங்களில் அறுப்புகள் சேர்வதையும் தூங்கும்போது டி.என்.ஏ. சுருண்டிருக்கும் நிறமூர்த்தங்கள் அதிகம் அசைந்து அவை குறைவதையும் பார்த்தார்கள். மீனில் கண்டதை அப்படியே உங்கள் தலையில் ஏற்ற மாட்டேன். ஆனால் படித்தது நினைவில் பதியத் தூக்கம் வேண்டும் என்பது மனிதரிலேயே நன்றாகத் தெரிந்த விஷயம். பத்தரைக்குப் படுங்கள். விடியப்புறம் எழும்பிப் படியுங்கள்.

கைத்தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தால் மூளையின் டி.என்.ஏ. அறுமா? (வாசகர், தம்பலகாமம்)

அறாது. கைத்தொலைபேசியின் அலைக்கு இரசாயனப் பிணைப்பை உடைக்கும் பலம் இல்லை. 2011 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் 'சாத்தியம் இருக்கலாம்' என்ற 2பி வகுப்பில் போட்டது. 2024 இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது மூளைப் புற்றோடு தொடர்பு தெரியவில்லை. அதே சர்வதேச நிறுவனம் வெற்றிலை பாக்கை, புகையிலை சேர்க்காவிட்டாலும், புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. வாய்க்குள் வைத்திருப்பதைப் பற்றி முதலில் யோசியுங்கள், ஐயா.

அக்கா, எங்கள் வீடு புல்மோட்டை வீதியில் கடற்கரைக்குக் கிட்ட. கறுப்பு மணலில் கதிர்வீச்சு இருக்கிறதாம். போன மாதம் பேரன் மாமரத்திலிருந்து விழுந்தபோது தலைக்கு சீ.ரீ. ஸ்கானும் எடுத்தார்கள். இரண்டும் சேர்ந்து பிள்ளையின் மூளையைப் பாதிக்குமா? (அம்மம்மா ஒருவர், குச்சவெளி)

அம்மா, புல்மோட்டை மணலில் பெரும்பங்கு இல்மனைற்று என்ற கனிமம். கதிர்வீச்சுக்குக் காரணம் அதில் மிகக் குறைவாகக் கலந்திருக்கும் மொனசைற்று. அதற்குள் தோரியம் என்ற கதிர்வீசும் உலோகம் உண்டு. கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கரையில் இதே மொனசைற்று மிக அதிகம். அங்கே ஏறக்குறைய எழுபதாயிரம் பேரைப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்தார்கள். கதிர்வீச்சு கூடிய இடத்தில் இருப்பவர்களுக்குப் புற்றுநோய் கூடவில்லை. கரையில் நடப்பதற்கும் விளையாடுவதற்கும் பயப்படாதீர்கள். மணலை அள்ளிவந்து வீட்டுக்குள் கொட்டி, அதன் தூசைச் சுவாசிப்பது மட்டும் வேண்டாம்.

ஸ்கான் விஷயம். தலைக்கு எடுக்கும் ஒரு ஸ்கானில் உடம்பில் படும் கதிர்வீச்சு ஏறக்குறைய 2 மில்லிசீவெற். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலகத்தில் ஒவ்வொருவருக்கும் சராசரியாக ஒரு வருடத்தில் 2.4 வருகிறது. கதிர்வீச்சுக்கு அதிகம் அஞ்ச வேண்டியவை பிரிந்துகொண்டே இருக்கும் கலங்கள்: எலும்பு மச்சை, குடல், வயிற்றில் உள்ள சிசு. பிள்ளைகளின் உடம்பில் அப்படிப்பட்ட கலங்கள் கூட என்பதால் தேவையில்லாமல் ஸ்கான் எடுக்கக் கூடாது என்பது சரி. விழுந்த பிள்ளைக்கு மண்டைக்குள் இரத்தம் கசிகிறதா என்று பார்க்க எடுத்தது தேவையான ஸ்கான். அதை எடுத்த வைத்தியர் சரியாகத்தான் செய்திருக்கிறார். படத்தையும் அறிக்கையையும் பேரனின் கிளினிக் கொப்பிக்குள் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு வேறு ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனாலும், அதே ஸ்கானைத் திரும்ப எடுக்கச் சொல்வதற்கு முன் அதை எடுத்துக் காட்டுங்கள்.